பழைய பைக் மியூசியத்துக்கு முதல் தடவை போகிறீர்களா? வேலூர் புல்லட்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பையன் பர்மிங்காம் பக்கம் படிக்கிறான், ஒரு மாதம் போய் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிற அப்பா அம்மாக்கள் இப்போது வேலூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்குத் தோல் வியாபாரம் என்று இன்னொரு காரணமும் உண்டு. போன இடத்தில் அரண்மனை, பாலம், பெரிய கடிகாரம் எல்லாம் பார்த்து முடித்தபிறகும் சில நாள் மிஞ்சும். நீங்கள் புல்லட் ஓட்டியவராக இருந்தால் அதில் ஒரு நாளைப் பழைய மோட்டார் சைக்கிள் மியூசியத்துக்கு ஒதுக்குங்கள்.

ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் ஊரைக் கேலி பண்ணுவார்கள். ஓடாத வண்டியைக் காசு கொடுத்துப் பார்க்கப் போகிறேன் என்றதும் என் வீட்டம்மா அதையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்.

நான் முதலில் போன பைக் மியூசியம் வேறொரு ஊரில். பேர் வேண்டாம். வாசலில் நுழைந்ததிலிருந்து போனை இறக்கவே இல்லை. இருநூறு, முந்நூறு என்று படம் எடுத்தேன். மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது கால் வலித்தது, ஒரு வண்டியும் மனதில் இல்லை. எல்லாம் பளபளப்பான டேங்க், பளபளப்பான சைலன்சர். கல்யாண வீட்டில் நூறு பேரோடு கை குலுக்கிவிட்டு ஒருத்தர் பேரையும் கேட்காமல் வந்த மாதிரி. அந்தத் தப்பை நீங்கள் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கிளம்புமுன் ஒரு காலைப்பொழுது, மெக்கானிக் கடையில்

விசா, டிக்கெட் வேலைக்கு நடுவே இதையும் செய்யுங்கள். உங்கள் ஊரில் பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) இன்ஜின் புல்லட்டைப் பிரித்துப் பூட்டுகிற மெக்கானிக் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் கடையில் ஒரு காலைப்பொழுது உட்காருங்கள். கையில் டீ வாங்கிக்கொண்டு போனால் பேச்சு நீளும்.

நான் மக்கான் பக்கம் ஒரு பாய் கடையில் உட்கார்ந்தேன். என்னிடம் இருப்பது வலது கால் கியர் வண்டி. இருபது வருஷமாக ஓட்டுகிறேன், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நான் நாலு உதை உதைத்து வியர்த்து நின்றதைப் பார்த்துவிட்டு பாய் எழுந்து வந்தார்.

“இன்னா தம்பி, அத்த ஏன் இப்டி அடிக்கிற? முள்ளப் பாரு.”

சாவியைத் திருப்பினார். ஹெட்லைட் மேல் இருக்கும், பேட்டரி மின்சாரத்தின் ஓட்டத்தைக் காட்டும் ஆம்பியர் மீட்டரின் முள் இடப்பக்கம் சாய்ந்தது. கிக்கரை உதைக்காமல் காலால் மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் முள் நடுவுக்கு வந்து நின்றது. “இங்க தான் பாயிண்ட் தெறக்குது. பிஸ்டன் மேல வந்துகினு கீது.” இடது கையால், சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடுகிற டீகம்ப்ரஸர் லிவரை இழுத்து, கிக்கரை இன்னும் இரண்டு விரல் இறக்கி, லிவரை விட்டார். கிக்கரை முழுதாக மேலே வரவிட்டு ஒரே உதை. வண்டி பேச ஆரம்பித்துவிட்டது.

இதைக் கதைக்காகச் சொல்லவில்லை. அந்த முள், அந்த லிவர், தீப்பொறிக்காகத் திறந்து மூடுகிற காண்டாக்ட் பாயிண்ட், தனித்தனியாக நிற்கிற இன்ஜினும் கியர் பாக்ஸும் எல்லாம் ஐம்பதுகளின் பிரிட்டிஷ் வண்டிகளுக்குப் பொதுவான அமைப்பு. புல்லட் 350இன் போர், அதாவது சிலிண்டர் துளையின் அகலம், 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டனின் ஓட்டம், 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சிசி. துளையைவிட ஓட்டம் நீளம், அந்த ‘டுப்பு டுப்பு’ சத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம். இங்கிலாந்தில் ரெடிட்ச் ஊரில் பிறந்த இந்த இன்ஜினை இங்கே செய்ய, அங்குள்ள ராயல் என்ஃபீல்டு கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது, திருவொற்றியூரில் ஆலை வந்தது. தாய்க் கம்பெனி 1970இல் கதவைச் சாத்திவிட்டது. இங்கேயோ அதே காஸ்ட் அயர்ன் இன்ஜின் 2000க்குப் பிறகும் பல வருஷம் வந்துகொண்டிருந்தது. அங்கே கயிறு கட்டி நிறுத்தி வைத்திருப்பதன் தம்பி இங்கே அணைக்கட்டு ரோட்டில் பால்கேன் ஏற்றிக்கொண்டு போகிறான். ஆக, பழைய பிரிட்டிஷ் இன்ஜினைத் தொட்டே பார்க்காத உள்ளூர்க்காரனைவிட வேலூர்க்காரனுக்கு அந்த மியூசியம் நன்றாகப் புரியும். பாய் கடையில் உட்கார்ந்துவிட்டுப் போனால்.

கிளம்பும்போது பாயிடம் ஒன்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒத்திகைக்குக் கோவை

வெளிநாட்டுப் பயணம் இல்லாதவர்களும், போகுமுன் ஒரு தடவை பழகிப் பார்க்க நினைப்பவர்களும் காட்பாடியில் பகல் ரயில் ஏறி ஆறு மணி நேரத்தில் கோவை போய்விடலாம். அவினாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கண்காட்சிகள் இருக்கின்றன. 2015இல் திறந்த ஜீடி கார் மியூசியமும் அங்கேதான். பேரிலேயே இருக்கிறபடி அது கார்களுக்கானது. ஆனால் நாயுடுவின் கதையே ஒரு மோட்டார் சைக்கிளில்தான் தொடங்குகிறது. கிராமத்துக்கு ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் வண்டியைப் பார்த்துவிட்டு, கோவையில் ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்து, காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அதை வாங்கி, ஓட்டுவதற்கு முன்னால் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டினார் என்பார்கள். மியூசியத்தில் வண்டியைப் பார்க்கும்போது நமக்கு வேண்டியதும் அந்தக் கண்தான். கையால் பிரிக்க விடமாட்டார்கள், கண்ணால் பிரிக்கலாம்.

எங்கே, எப்படி

இங்கிலாந்து போகிறவர்களுக்கு நான் சொல்வது பர்மிங்காமுக்குப் பக்கத்தில் சோலிஹல் எல்லையில் இருக்கும் நேஷனல் மோட்டார் சைக்கிள் மியூசியம். 1984இல் திறந்தது. ஐந்து கூடங்கள், ஆயிரத்துக்கு மேல் வண்டிகள், எல்லாம் பிரிட்டிஷ் தயாரிப்பு. 2003 செப்டம்பரில் ஒரு சிகரெட் துண்டிலிருந்து பற்றிய தீயில் ஐந்தில் மூன்று கூடங்கள் போயின, 380 வண்டிகள் எரிந்தன. பதினைந்து மாதத்தில், 2004 டிசம்பரில், கட்டி முடித்து மறுபடி திறந்துவிட்டார்கள். எரிந்தவற்றில் பலவற்றை இரும்புக் கூட்டிலிருந்து திரும்ப எழுப்பினார்கள். பழைய கோயிலுக்குக் குடமுழுக்கு செய்த மாதிரி என்று வையுங்கள், சிலது ஆதி மூர்த்தி, சிலது புதுச் சுதை.

போகிற வழி சுலபம். லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் ஏறி ‘பர்மிங்காம் இன்டர்நேஷனல்’ என்ற ஸ்டேஷனில் இறங்க வேண்டும், சுமார் ஒன்றேகால் மணி நேரம். நகரத்தின் நடுவில் இருக்கும் ‘பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட்’ வேறு. காட்பாடியில் இறங்க வேண்டியவர் தூங்கிவிட்டு ஜோலார்பேட்டை போவதுபோல் ஆகிவிடக் கூடாது. ஏர்போர்ட்டும் ஸ்டேஷனை ஒட்டியே இருப்பதால், சென்னையிலிருந்து துபாய் மாறி நேராக பர்மிங்காமில் இறங்குகிறவர்களுக்கு மியூசியம் கூப்பிடு தூரம். வரைபடத்தில் பார்த்தால் ஸ்டேஷனிலிருந்து நடந்துவிடலாம் போலத்தான் தெரியும். நடுவில் எம்42 நெடுஞ்சாலையின் பெரிய சந்திப்பு கிடக்கிறது. நம் ஊர் கிரீன் சர்க்கிளை மாலை ஆறு மணிக்கு நடந்து கடந்த அனுபவம் இருந்தாலும் வேண்டாம், டாக்சி பிடியுங்கள்.

முந்தின நாள் அவர்களுடைய இணையதளத்தில் நேரத்தையும் கட்டணத்தையும் பார்த்துவிடுங்கள். கூட்டம், கண்காட்சி நடத்த வாடகைக்கு விடுகிற இடமும் அதுதான். சனி ஞாயிறைவிட வாரநாள் காலை நல்லது. ஸ்வெட்டர், தேய்ந்து பழகிய ஷூ, படிக்கிற கண்ணாடி மூன்றும் அவசியம். கண்ணாடியை ஏன் சொல்கிறேன் என்றால் ஒவ்வொரு வண்டி முன்னாலும் இருக்கிற குறிப்பு அட்டை சிறிய எழுத்தில் இருக்கும்.

தோல் வேலையாக இத்தாலி போகிறவர்கள் பொலோஞா பக்கம் போனால் போர்கோ பனிகாலேயில் டுகாட்டி ஆலைக்குள்ளேயே அவர்கள் மியூசியம் இருக்கிறது. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். அங்கே பெரும்பாலும் ரேஸ் வண்டி, சிவப்பு. எனக்கு அதில் அவ்வளவு ஒட்டவில்லை, ரேஸ் பைத்தியம் உள்ளவர்களுக்குச் சொர்க்கம்.

உள்ளே நுழைந்த பிறகு

போனைப் பையில் போடுங்கள். முதல் சுற்று வெறும் நடை, முக்கால் மணி நேரம். எங்கும் நிற்க வேண்டாம், அட்டை படிக்க வேண்டாம். எந்த வண்டியைத் தாண்டியபிறகும் தலை தானாகத் திரும்புகிறதோ அதை மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டீ. இரண்டாவது சுற்றில் ஐந்தாறு வண்டிக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றின் முன்னாலும் குனிந்து பத்து நிமிஷம்.

அட்டையைப் பார்க்காமல் வண்டியின் வயசைச் சொல்லிப் பழகுங்கள், இது ஒரு நல்ல விளையாட்டு. முதலில் டேங்க். இரண்டு இரும்புக் குழாய்க்கு நடுவில் பிஸ்கட் டப்பாவைச் செருகியதுபோல் தட்டையாக இருந்தால் இருபதுகளின் கடைசிக்கு முந்தியது. குதிரைமேல் சேணம் போட்டதுபோல் குழாயின் இருபுறமும் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தால் அதற்குப் பிந்தியது. அடுத்து முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க். வெளியே பெரிய ஸ்பிரிங் தெரிகிற, கட்டுக்கட்டான கம்பிச் சட்டம் என்றால் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்கு முன். இன்றைய வண்டிபோல் குழாய்க்குள் குழாய் என்றால் போருக்குப் பின். பின்சக்கரத்தில் ஷாக் அப்சார்பரே இல்லாமல், சீட்டுக்கு அடியில் மட்டும் சைக்கிள் சீட்டுபோல் இரண்டு சுருள் ஸ்பிரிங் இருக்கும் வண்டிகளைப் பாருங்கள். நம் ரோட்டுப் பள்ளமெல்லாம் ஓட்டுகிறவர் முதுகுக்கு நேராகப் போயிருக்கும். முன்னால் குழாய் ஃபோர்க், பின்னால் ஒன்றுமில்லை என்றால் நாற்பதுகளின் கடைசி என்று தைரியமாகச் சொல்லலாம். சில ஐம்பதுகள் வரையும் வந்தன, ஆகவே பந்தயம் கட்டாதீர்கள்.

மிகப் பழைய வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு ஒயர் இருக்காது, ரப்பர் குழாய் இருக்கும். மாங்காய் பழுக்க வைக்க மண்டியில் போடுகிறார்களே அதே கார்பைடு கல். ஒரு டப்பாவில் கல், மேலே தண்ணீர், சொட்டுச் சொட்டாக விழ விழ அசிட்டிலின் வாயு வரும், தீக்குச்சியால் பற்ற வைப்பார்கள். மழையில் இருட்டில் அதைப் பற்ற வைத்துப் பார்த்தவன்தான் பைக்கில் கரண்ட் லைட் வேண்டும் என்று முதலில் கேட்டிருப்பான்.

கியர் எங்கே என்று தேடுங்கள். பழைய வண்டிகளில் டேங்க் ஓரத்தில் கைப்பிடியாக நிற்கும், ஓடுகிற வண்டியில் ஒரு கையை எடுத்து மாற்ற வேண்டும். பிறகு காலுக்கு வந்தது, பிரிட்டிஷ் வண்டிகளில் வலது காலுக்கு. எழுபதுகளின் நடுவில் அமெரிக்கா கியர் இடது பக்கம்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டதும் உலகமே மாறியது. பழைய புல்லட் மட்டும் நம் ஊரில் அதற்குப் பிறகும் வெகுகாலம் வலது காலிலேயே இருந்தது. இப்போது புது வண்டி ஓட்டுகிற மச்சான் உங்கள் புல்லட்டை வாங்கி, பிரேக் என்று கியரை மிதிப்பானே, அதன் காரணம் இதுதான்.

என் இரண்டாவது சுற்றுப் பட்டியலையும் சொல்லிவிடுகிறேன், உங்களுடையது வேறாக இருக்கலாம்.

பிரஃப் சுப்பீரியர். நாட்டிங்காமில் ஜார்ஜ் பிரஃப் செய்த பணக்கார வண்டி. 1924இல் வந்த எஸ்எஸ்100 மணிக்கு நூறு மைல், அதாவது 160 கிலோமீட்டர் போகும் என்று எழுதிக் கொடுத்து விற்றார்கள். ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று பேர்பெற்ற டி.இ. லாரன்ஸ் இந்த வண்டிகளின் பைத்தியம். 1935 மே மாதம் ஒரு பிரஃப்பில் போகும்போது தடுமாறி விழுந்து, தலையில் அடிபட்டு இறந்துபோனார். அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை நிபுணர், அதன்பிறகு மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து ஹெல்மெட் வேண்டும் என்று நிரூபித்தார். 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது நம் சி.எம்.சி.யில். எல்லை தாண்டி ஆந்திராவிலிருந்தெல்லாம் தலைக்காயத்தோடு ஆம்புலன்ஸ் வருகிற ஊர்க்காரனுக்கு அந்த அழகான டேங்க்குக்கு முன்னால் நிற்கும்போது கொஞ்சம் வேறு மாதிரிதான் இருக்கும்.

வின்சென்ட் பிளாக் ஷேடோ. கறுப்பு எனாமல் பூசிய இன்ஜின், 998 சிசி, 1948. ஸ்பீடோமீட்டர் சாப்பாட்டுத் தட்டு மாதிரி பெரிசு, 150 மைல் வரை எண் போட்டிருக்கும். சட்டத்தைத் தேடினால் கிடைக்காது, இன்ஜினே வண்டியின் முதுகெலும்பு. இங்கே குனிந்தால் எழ மனம் வராது.

பிறகு என்ஃபீல்டு வரிசை. சக்கரத்துக்கும் டேங்க்குக்கும் நடுவில் பொம்மை மாதிரி ஓர் இன்ஜினோடு ‘ஃப்ளையிங் ஃப்ளீ’ என்று ஒரு 125 சிசி வண்டி உண்டு. போரில் இரும்புக் கம்பிக் கூண்டில் வைத்துப் பாராசூட்டில் இறக்கினார்கள். அறுபது கிலோவுக்குள்தான் எடை, சேற்றில் மாட்டினால் சிப்பாய் தூக்கிக்கொண்டு நடக்கலாம். அதைப் பார்த்துவிட்டு ஐம்பதுகளின் புல்லட்டிடம் வாருங்கள். டீகம்ப்ரஸர் லிவர் எங்கே, ஆம்பியர் மீட்டர் எங்கே, கியர் பாக்ஸ் பக்கத்தில், ஒரே மிதியில் நியூட்ரலுக்குக் கொண்டுவரும் நியூட்ரல் பைண்டர் எங்கே என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். இருந்த இடத்திலேயே இருந்தன. பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் நான் விரலால் காற்றில் காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, உனக்கு எப்படித் தெரியும் என்றார். வீட்டில் ஒன்று இருக்கிறது, போன வாரம் ஓட்டினேன் என்றேன். அப்புறம் அரை மணி நேரம் அவர் என்னை விடவில்லை. பழைய ரெடிட்ச் வண்டியைப் புதுப்பிக்கிறவர்கள் உதிரி பாகத்துக்கு இந்தியாவைத்தான் பார்க்கிறார்கள் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது.

இப்படிப் பேச்சுக் கொடுக்கத் தயங்காதீர்கள். சுற்றி நிற்கும் பெரியவர்களில் அந்த ஆலைகளில் வேலை பார்த்தவர்கள்கூட இருக்கலாம். இங்கிலீஷ் தடுமாறினாலும் பரவாயில்லை, ‘புல்லட்’ என்ற ஒரு சொல் போதும்.

கடைசிக் கூடத்தை விட்டுக் கிளம்புமுன் பலகைகளில் உள்ள பேர்களை ஒரு தடவை பாருங்கள். நார்ட்டனை 2020இல் வாங்கியது நம் டிவிஎஸ். பிஎஸ்ஏ மஹிந்திராவின் துணை நிறுவனத்திடம் இருக்கிறது. என்ஃபீல்டு சென்னையில் தயாராகிறது. டிரையம்ஃப்பின் 400 சிசி வண்டிகளை பஜாஜ் செய்கிறது. அறுபதுகளின் கடைசியில், எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டும் டிஸ்க் பிரேக்குமாக ஹோண்டாவின் நாலு சிலிண்டர் வண்டி வந்தபோது உதை கிக்கரோடு நின்ற கம்பெனிகள் இவை. ஹோண்டாவை இங்கே தேடாதீர்கள், பிரிட்டிஷ் வண்டிக்கு மட்டும்தான் இடம்.

கூட வருகிறவர்கள்

பைக் பிடிக்காத ஆளை மூன்று மணி நேரம் இழுத்துக்கொண்டு அலைவது பாவம். வீட்டம்மாவை கேன்டீனில் உட்கார வைத்துவிட்டு ஓடுவதும் பாவம். நான் செய்த ஏற்பாடு: காலையில் எனக்கு மியூசியம், மத்தியானம் இருவருக்கும் ரெடிட்ச். நியூ ஸ்ட்ரீட்டிலிருந்து முக்கால் மணி நேர லோக்கல் ரயில். ஒரு காலத்தில் உலகத்துக்கே தையல் ஊசி செய்து அனுப்பிய ஊர் அது. என்ஃபீல்டு கம்பெனியின் வேரும் ஓர் ஊசிப் பட்டறைதான். ஃபோர்ஜ் மில் என்ற பழைய தண்ணீர்ச் சக்கர ஆலையில் ஊசி மியூசியம் வைத்திருக்கிறார்கள். ஊசிக் காதில் துளை போட எத்தனை கை மாறியது என்று பார்த்துவிட்டு, உங்கள் மியூசியத்தைவிட இதுதான் நல்லா இருக்கு என்றார் அவர். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. பழைய பைக் ஆலை இருந்த இடம் இப்போது என்ஃபீல்டு பேரிலேயே ஒரு தொழிற்பேட்டை. அதற்காகத் தனியாகப் போக வேண்டியதில்லை.

பிள்ளைகளோடு போனால் ஒரே எச்சரிக்கை. வண்டியில் ஏறக் கூடாது, டேங்க்கைத் தொடக் கூடாது. உள்ளங்கை வியர்வை குரோமியத்திலும் பித்தளையிலும் தங்கிவிடும். வாசலிலேயே சொல்லி அழைத்துப் போங்கள்.

படம் எடுக்க வேண்டிய பக்கம்

படம் எடுப்பதை மூன்றாவது சுற்றுக்கு வையுங்கள். முழு வண்டிப் படம் இணையத்தில் கிடைக்கும். நீங்கள் எடுக்க வேண்டியது அருகில் போய்: கார்புரேட்டர், லிவர், பிரேக் கம்பி, குறிப்பு அட்டை. அட்டையைப் படம் எடுக்காவிட்டால் ஊர் திரும்பியதும் எது எந்த வருஷம் என்று தெரியாது.

வந்த மறுநாளே படங்களை எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஐம்பதுகளின் புல்லட் வந்ததும் நின்றார். பெரிதாக்கினார், திருப்பினார், மறுபடி பெரிதாக்கினார்.

“லெஃப்ட் சைடு எங்க தம்பி?”

கிளட்ச் இருக்கிற பக்கம். பழைய புல்லட்டில் அந்தக் கேஸ் மூடியைப் பிடித்திருப்பது நடுவில் இருக்கும் ஒரே ஒரு நட்டு. நம் வண்டிகளில் பாதிக்கு அந்த நட்டின் முனை ஸ்பேனர் பட்டு மழுங்கியிருக்கும். ஒரிஜினல் நட்டு எப்படி இருக்கும் என்று பார்க்க அவருக்கு நாற்பது வருஷ ஆசையாம். வண்டிகளை வரிசையாக ஒட்டி நிறுத்தியிருந்ததால் நான் எல்லாவற்றையும் வலது பக்கமிருந்துதான் எடுத்திருந்தேன்.

நீங்கள் போகுமுன் உங்கள் மெக்கானிக்கிடம் என்ன படம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போங்கள். முடிந்தால் அந்த நட்டையும் ஒரு படம்.